பதினோராவது மாடிப் பிறை

கரையான்சாவடியில் வந்து உஸ்மான் கனி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ‘பதினோராவது மாடி பாய்’ என்று கேளுங்கள், பஜ்ஜி போடுகிறவர்கூடக் கரண்டியை நீட்டி வழி காட்டுவார். மனிதர் இருப்பது என்னவோ தரைத்தள வீட்டில்தான். மெயின் ரோட்டில் திரைச்சீலைக் கடை. சுற்றுவட்டாரத்தில் புதிது புதிதாக எழும்பும் அடுக்குமாடி வீடுகளுக்கு ஜன்னல் அளவெடுத்து, தைத்து, கம்பி அடித்து மாட்டிவிட்டு வருவது தொழில். முப்பது வருஷமாக அங்குலம் பிசகியதில்லை. அப்படிப்பட்டவருக்கு இந்தப் பட்டப்பெயர் போன வருஷத்து நோன்பில் வந்து ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். போன வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பன்று சாயங்காலம், ஒரு பதினோராவது மாடி வீட்டில் அவருக்கு வேலை. வீட்டுக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்கள். கனி அங்கேயே பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்து, தொழுதுவிட்டு, மிச்சமிருந்த மேற்கு ஜன்னலுக்கு ஏணி போட்டு ஏறினார். எதிரே, செவ்வானத்துக்கு மேலே, பிறை. மெலிசாக, பளிச்சென்று, ஒரே ஒரு நிமிஷம். அப்புறம் மேகம் வந்து மூடிவிட்டது. ஏணியிலிருந்து இறங்கினாரா விழுந்தாரா என்று அவருக்கே நினைவில்லை. ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடி, “பிறை பாத்துட்டேன்! நாளைக்குப் பெருநா!” என்று கூவினார்.

கூட யார் பார்த்தது என்று கேட்டார்கள். யாருமில்லை. பெருநாளை அறிவிக்க ஒருவர் வார்த்தை போதாது, இரண்டு சாட்சியாவது வேண்டும். கீழே நின்ற ஊர்க்காரர்களுக்கோ மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சரி, முப்பதையும் பிடித்துவிடுவது என்று முடிவானது. முறையும் அதுதான். கனி மறுபேச்சில்லாமல் முப்பதாவது நோன்பையும் பிடித்தார்.

அதோடு போயிருக்கலாம். ஜமாத்துச் செயலாளர் யூசுப், கனியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், எதிர்ச்சாரியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், சும்மா இராமல் ஒரு வார்த்தையை விட்டார். “பசி மாமே அவனுக்கு. பிரியாணி ஞாபகத்துல ஆகாசத்துல எலும்பு தெரிஞ்சிருக்கும்.” விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், “பாய், மேல எதுனா தெரியுதா?” என்று கேட்டார்கள். ஜன்னல் அளவைச் சொன்னால், “நெஜமாவே அஞ்சடிதானா, இல்ல பதினோராவது மாடி அளவா?” என்று சிரித்தார்கள். கனியும் கூடவே சிரித்தார். வீட்டுக்கு வந்து, சோறு இறங்காமல் தட்டைத் தள்ளிவைத்தார். பொய்யன் என்று யாரும் நேராகச் சொல்லவில்லைதான், எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அது அவருக்கு வலித்தது.

“இன்னாங்க, ஒரு வருஷமா இதையே நெனச்சுகினு கீறீங்க. வுட்டுத் தள்ளுங்க,” என்பார் மனைவி வஹீதுன்னிசா.

விட முடியவில்லை. இந்த வருஷம் ஊர் முழுக்கப் பக்கத்தில் நிற்கும்போது, எல்லாருக்கும் முன்னால் தான் பிறையைப் பார்த்துக் காட்ட வேண்டும், அப்போதுதான் போன மரியாதை திரும்பி வரும் என்று கனி மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில் இருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. இயற்பியல் கட்டடத்தின் மொட்டை மாடியில் வெள்ளைக் குடை கவிழ்த்த மாதிரி ஒரு வானோக்குக் கூடம். அதற்குக் கீழே இருக்கும் பேச்சரங்கத்துக்கு வெளிச்சம் புகாத கறுப்புத் திரை வேண்டும். கனி போய் மாட்டினார். வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தள்ளி நின்று, கிட்டப் போய், தலையைச் சாய்த்துப் படித்தார். ‘வானம் பார்க்க வாருங்கள். பொதுமக்கள் அனைவருக்கும் அனுமதி. முதலில் உரை, பிறகு தொலைநோக்கியில் வியாழன்.’ தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். இருபத்தொன்பதாம் நோன்பு!

கூடத்தின் பொறுப்பு எழிலரசியிடம். தர்மபுரிப் பக்கத்துப் பெண், முப்பத்திரண்டு வயது, வானியல் பேராசிரியை. நட்சத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போவது தெரியாது அவளுக்கு. மாதாமாதம் நடத்தும் இந்தத் திறந்த மாலைக்கு இருபது பேர் வந்தால் திருவிழா என்று நினைக்கிற ஜாதி.

“அன்னைக்கு நிலா தொந்தரவு இருக்காது பாய். அதுக்காகவே பார்த்து வச்ச தேதி,” என்றாள் பெருமையாக.

கனி ஏணியில் நின்றபடியே சிரித்துவிட்டார். “மேடம், நிலா இல்லேன்னு நீங்க சந்தோசமா வச்ச நாள்ல, எங்க சனம் மொத்தமும் நிலாவத் தேடிகினு மொட்ட மாடியில நிக்கும்!”

எழிலரசி கண்ணை விரித்தாள். ஓடிப்போய்க் கணினியைத் தட்டினாள். “ஐயோ, ஆமா! சூரியன் மறைஞ்சு முப்பத்தெட்டு நிமிஷம் நிலா இருக்கும். ரொம்ப ரொம்ப மெலிசா. வெளிச்சமே தராதுன்னு நான் கணக்குலயே சேர்க்கல!” அவள் குதித்த குதியில் மேஜை மேலிருந்த பேனா உருண்டது. “எனக்கே இவ்வளவு இளசான பிறையைப் பார்த்துப் பழக்கமில்ல பாய். நீங்க வாங்க. உங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க!”

கனி தயங்கித் தயங்கிக் கேட்டார். “இந்தப் பொட்டியில போன வருசத்து வானமும் தெரியுமா?”

தெரிந்தது. தேதியைப் போட்டுத் திருப்பியதும் திரையில் சாயங்கால வானம் வந்தது. அடிவானத்துக்கு மேலே சின்னதாக ஒரு பிறை. “பாருங்க பாய், அன்னைக்கும் பார்க்க முடிஞ்சிருக்கும்.”

“அப்ப நான் பாத்தது நெசம்தானே?”

எழிலரசி பொய் சொல்லத் தெரியாதவள். “பார்க்க முடியும்னு இது சொல்லும். நீங்க பார்த்தீங்களான்னு இதுக்கு எப்படித் தெரியும்?”

அன்று ராத்திரியே கனி ஜமாத்து வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார். “அஸ்ஸலாமு அலைக்கும். இன்ஷா அல்லாஹ், இருபத்தொம்பதாம் நோம்பு அன்னிக்கி, யுனிவர்சிட்டியில பெரிய குழா வச்சு பிறை பாக்கப் போறோம். எல்லாரும் குடும்பத்தோட வாங்க. நோம்புக் கஞ்சி நம்ம பொறுப்பு.” பத்துப் பேர் வருவார்கள் என்று எழிலரசியிடம் சொல்லிவைத்திருந்தார். பிறைக்காக எத்தனை பேர் வந்தார்கள், கஞ்சிக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்பது படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து இறங்கிய கூட்டம் முந்நூறு.

ஷேர் ஆட்டோவில் வந்தார்கள், மினி வேனில் வந்தார்கள், ஒரு குடும்பம் பாயும் தலையணையுமாக வந்தது. கூடவே, மாதாமாதம் வரும் அடுக்குமாடி ஐ.டி. ஆட்கள் குழந்தைகளோடு வந்து, இதென்ன, வியாழனுக்கு இவ்வளவு ரசிகர்களா என்று திகைத்து நின்றார்கள். யூசுப் தன் கடையின் பெரிய அண்டா இரண்டில் கனியின் கஞ்சியை ஏற்றிக்கொண்டு வந்து, ‘உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகைக்கு நேர் கீழே இறக்கினார். காவலாளி எழிலரசியைப் பார்த்தார். எழிலரசி பலகையைத் திருப்பி மாட்டினாள்.

எழுபது நாற்காலி போட்ட அரங்கில் உரை தொடங்கியது. தரையில், படியில், மேடை ஓரத்தில் எல்லாம் ஆள். எழிலரசிக்கு ஜென்மத்தில் இப்படி ஒரு கூட்டம் வாய்த்ததில்லை. தலைகால் புரியாமல் பேசினாள். அமாவாசை என்றால் என்ன, பிறை எப்படிப் பிறக்கிறது, ஏன் நம் ஊரில் அது படகைப் போல மல்லாந்து கிடக்கிறது என்று ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச்சையும் வைத்துக் காட்டினாள். கடைசியில் வியாழனுக்குப் போனாள். “இந்தக் கிரகத்துக்கு எத்தனை நிலா தெரியுமா? தொண்ணூறுக்கும் மேல!”

முன்வரிசையில் யூசுப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். “தொண்ணூறா! யம்மா, ஒரு நிலாவ வச்சுகினே நான் இங்க படாத பாடு படறேன். அங்க ஜமாத்துச் செயலாளரா எவன் இருப்பான்?”

அரங்கம் அதிர்ந்தது. யூசுப் அதோடு விடுவாரா? “நம்ம கனிய அங்க அனுப்பிச்சுடலாம். அவன் தொண்ணூறையும் ஏணி மேலேர்ந்தே பாத்துடுவான்!” இன்னொரு சிரிப்பலை. ஐ.டி. ஆட்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். கனி வஹீதுன்னிசாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தான் தைத்த கறுப்புத் திரையின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மணி நேரம், அப்புறம் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பாங்கு சொல்லும் நேரம் வந்தது. பேரீச்சம்பழம் கைமாறியது, கஞ்சி கோப்பைகளில் ஓடியது. ஐ.டி. குழந்தைகள் இரண்டாம் முறை வரிசையில் நின்றன. ஆண்கள் அரங்கத்திலும் பெண்கள் பக்கத்து வகுப்பறையிலும் தொழுது முடித்தார்கள். அதற்கப்புறம் மாடிப்படியில் நடந்ததை ஊர்வலம் என்பதா, ஓட்டப்பந்தயம் என்பதா? அத்தனை பேரும் மொட்டை மாடியில் மேற்குப் பார்த்து நின்றார்கள்.

குடைக்குள் இருந்த பெரிய தொலைநோக்கிக்கு அடிவானம்வரை குனியத் தெரியாது. அதனால் எழிலரசி முக்காலியில் சின்னது ஒன்றை வெளியே நிறுத்தியிருந்தாள். கூட்டத்தை அடக்க அவள் கையில் ஒரு மைக். “எல்லாரும் அந்தத் தண்ணி டேங்கைப் பாருங்க. கையை நீட்டி, மூணு விரலை டேங்குக்கு மேல வைங்க. அங்கதான்!” முந்நூறு கைகள் நீண்டன. ஆனால் மூன்று விரலுக்கு அடியில் மேகம்தான் இருந்தது. சாம்பல் நிறத்தில், அசையாமல், குத்தகைக்கு எடுத்த மாதிரி.

ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. யாரோ “தோ பிறை!” என்று அலறினார்கள். திரும்பிப் பார்த்தால் மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம். அதற்கும் நாலு பேர் மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டார்கள். போன வருஷமும் இதே மேகம்தானே கெடுத்தது என்று கனி அதன் ஏழு தலைமுறையையும் மனசுக்குள் ஏசினார்.

அப்போது மேகத்தின் நடுவில் ஒரு கிழிசல் விழுந்தது.

“பாய்! வாங்க, வாங்க!” எழிலரசி அவர் தோளைப் பிடித்துத் தொலைநோக்கிக்கு முன்னால் நிறுத்தினாள். “கூட்டிட்டு வந்தது நீங்க. முதல்ல நீங்கதான்.”

கனி கண்ணை வைத்தார். கறுப்பு. கொஞ்சம் தலையைச் சாய்த்தார். சட்டென்று, நடுவில், பெரிசாக, வெள்ளி வளையத்தில் கால்வாசியை நறுக்கி வைத்தது போல, பிறை! தலைகீழாகத் தெரியும் என்று அவள் சொல்லியிருந்தாள், அப்படியேதான் தெரிந்தது. அதன் ஓரத்தில் பொடிப்பொடியாக மேடு பள்ளம்கூட இருந்தது. “யா அல்லாஹ்!” என்று கத்தியே விட்டார். உடம்பெல்லாம் சிலிர்த்தது, காலில் செருப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. நிமிர்ந்து, வெறுங்கண்ணால் அதே இடத்தைப் பார்த்தார்.

அங்கே ஒன்றுமில்லை.

கண்ணைக் கசக்கிப் பார்த்தார். டேங்க் தெரிந்தது, அதுவும் பனி மூடினாற்போல. மூன்று விரலை வைத்தார். செவ்வானம் மொத்தமும் ஒரே கலங்கலாக இருந்தது. சுற்றிலும் மாடியே துள்ளியது. “தோ! தோ! தெரியுது!” “எம்மாம் மெலிசு, பாரேன்!” வஹீதுன்னிசா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். “இன்னாங்க, தெரியுதுங்க! டேங்குக்கு மேல, வலது பக்கம்! சோக்கா கீது!” யாரோ ஒரு ஐ.டி. அம்மா அழுதாள். எழிலரசி மைக்கில் அறிவிப்பதை மறந்து மைக்கிலேயே விசில் அடித்தாள். முந்நூறு பேரும் பார்க்கிறார்கள், கனி ஒருவருக்குத்தான் தெரியவில்லை.

அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு எல்லாம் விளங்கியது. நாலு மாசமாக ஊசியில் நூல் கோக்க வஹீதுன்னிசாவைக் கூப்பிடுவதும், இப்பல்லாம் ஊசியை ஒழுங்காகச் செய்வதில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டுவதும். கோளாறு ஊசியில் இல்லை.

இரண்டு நிமிஷத்தில் மேகம் திரும்பவும் மூடியது. யூசுப் நோட்டும் பேனாவுமாகக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல். “சாட்சி எழுதணும், வாங்க எல்லாரும்! கனி, நைனா, வாடா! மொத பேரு ஒன்னுதுதான். ஒரு வருசமா ஒன்ன ஓட்டிகினு இருந்தேன், இன்னிக்கு ஒன் பேரத்தான் தலைப்புல எழுதுவேன். குழாயில பாத்தது சாட்சிக்கு ஆவாது. சொல்லு, வெறுங்கண்ணால பாத்தியா?”

எழுதிவிடலாம். ஒரு தலையாட்டல் போதும். பிறை இருந்தது சத்தியம், குழாயில் பார்த்தது சத்தியம், எந்த இடத்தில் எந்தச் சாய்வில் கிடந்தது என்று சுவரில் வரைந்தே காட்டுவார். பெண்டாட்டி பார்த்திருக்கிறாள், ஊர் பார்த்திருக்கிறது, இவர் பார்க்கவில்லை என்று எவனுக்குத் தெரியப்போகிறது? பெருநாளுக்கும் இதனால் ஒரு சேதமுமில்லை. ஒரு வருஷமாக இந்த ஒரு கேள்விக்காகத்தானே காத்திருந்தார். வாயைத் திறந்தார்.

“இல்லடா,” என்றார் கனி. “குழாயில பாத்தேன். வெறுங்கண்ணுல பாக்கல. எனுக்குத் தெரியல.”

“விளையாடாத.”

“கண்ணு மங்கிப்போச்சு யூசுப். இப்பத்தான் எனுக்கே தெரியுது. என் பேரு எழுதாத.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். வஹீதுன்னிசா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கனிக்கு வெட்கத்தில் காது சுட்டது. போச்சு, இனிமேல் சாகும்வரை பதினோராவது மாடிதான் என்று நினைத்துக்கொண்டார். யூசுப் பேனாவை நோட்டு மேலேயே வைத்தபடி அவரை வெகுநேரம் பார்த்தார். கேலிக்கு வாய் திறப்பார் என்று எல்லாரும் காத்திருக்க, அவர் நகர்ந்து, மற்றவர்கள் பெயரை எழுதத் தொடங்கினார். பதினேழு பேர் சாட்சி சொன்னார்கள். தலைமைக் காஜிக்குப் போனில் தகவல் போனது, எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்த சேதி வந்தது, கொஞ்ச நேரத்தில் அவருடைய அறிவிப்பும் வந்துவிட்டது.

யூசுப் எழிலரசியிடம் போய் மைக்கைக் கேட்டு வாங்கினார். “எல்லாரும் கேட்டுக்குங்க! பிறை தெரிஞ்சுது. நாளைக்குப் பெருநா!”

மாடி பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல். கட்டிப்பிடித்தவர்கள் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே கணக்கில்லை. காவலாளியை மூன்று பேர் கட்டிப்பிடித்தார்கள். யூசுப் கையைத் தூக்கி அடக்கினார்.

“இருங்க, இன்னொரு அறிவிப்பு கீது. இது ஒரு வருசம் லேட்டு.” நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “போன வருசம் இருபத்தொம்பதாம் நோம்பு அன்னிக்கும் பிறை தெரிஞ்சுது. பாத்தவரு கரையான்சாவடி உஸ்மான் கனி. இத்தினி பேரு பாத்தோம் பாத்தோம்னு கூவற எடத்துல நின்னுகினு, நான் பாக்கலன்னு சொல்றான் இந்த மனுசன். இவனா ஆளில்லாத எடத்துல பாத்தேன்னு பொய் சொல்லியிருப்பான்? நான்தான் தப்பாப் பேசிட்டேன். ஜமாத்து முன்னால சொல்றேன், மன்னிச்சுக்கடா கனி.”

கைதட்டல் கூட்டத்தின் பின்னாலிருந்து கிளம்பியது. என்ன நடந்தது என்று புரிந்தவர்களும் தட்டினார்கள், புரியாத ஐ.டி. ஆட்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். எழிலரசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினாள். கனியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றாமல் சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எடையே இல்லாமல் போய்விட்டது, யாராவது பிடித்துக்கொள்ளாவிட்டால் மேலே போய்விடுவார் போலிருந்தது. நல்லவேளை, வஹீதுன்னிசா கையை விடவில்லை.

“பேசுடா, ரெண்டு வார்த்த பேசு,” என்று யூசுப் மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினார்.

ஒரு வருஷமாகப் பேசுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தார் கனி. யாரை எப்படி மடக்க வேண்டும் என்று வரிவரியாகக் கடையில் தனியே சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட இப்போது வரவில்லை. முந்நூறு முகமும் அவருக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் அத்தனையும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“கஞ்சி,” என்றார். கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். “கஞ்சி இன்னும் அரை அண்டா கீது. யாரும் குடிக்காம போவாதீங்க.”